பெட்டிச் சாவி யாரிடம்?

கிளிவெட்டியில் இடைத்தங்கல் முகாம் இருந்த காலத்தில், தகரக் கொட்டில் ஒன்றின் மூலையில் ஓர் ஆச்சி வாழ்ந்து வந்தார். அவரிடம் சிறிய தகரப் பெட்டி ஒன்று இருந்தது. இரவில் அதைத் தலைமாட்டில் வைத்து, அதன் கைபிடியில் பழஞ்சேலைத் துண்டொன்றைக் கட்டி, மறுமுனையைத் தமது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே உறங்குவார். பகலில் தண்ணீர் எடுக்கப் போனாலும், நிவாரண வரிசையில் நின்றாலும், பெட்டியும் கூடவே போகும். அயற் கொட்டில் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒரு நாள் நாம் கேட்டோம். "ஆச்சி, பெட்டிக்குள்ள அப்பிடி என்னதான் வச்சிருக்கிறீங்கள்?"

அவர் கோபிக்கவில்லை. திறந்து காட்டினார். பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதி, வங்கிப் புத்தகம், கணவரின் மரணச் சான்றிதழ், ஒரு கால் உடைந்து நூலாற் கட்டிய மூக்குக் கண்ணாடி, கலியாணத்தன்று எடுத்த புகைப்படம் ஒன்று. அவ்வளவுதான். "இதுகள் போனா நான் ஆரெண்டு சொல்ல என்னட்ட வேற ஒண்டும் இல்ல, தம்பி" என்றார்.

ஆண்டுகள் சென்றன. மக்கள் ஊர் திரும்பினார்கள். ஆச்சியின் பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில், மற்றவர் தூர இடத்தில். தனியே சமைத்துண்ண முடியாத நிலையில் அவரை ஒரு முதியோர் இல்லத்திற் சேர்த்தார்கள். இல்லத்தில் இடம் போதாது என்று பெட்டியைக் களஞ்சிய அறையில் வைத்தார்கள். சில மாதங்கள் கழித்து அவர் கேட்டபோது பெட்டி வந்தது. பூட்டு இல்லை. உறுதி இல்லை. வங்கிப் புத்தகம் இல்லை. புகைப்படமும் இல்லை. யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பெட்டி உள்ளே வந்த நாளில் அதற்குள் என்ன இருந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

முகாமில் இத்தனை ஆண்டு காப்பாற்றிய பெட்டி, பாதுகாப்பான இடம் என்று நாம் நம்பிய இல்லத்திற் பறிபோனது. இது எப்படி நேர்ந்தது, இனி நேராமல் இருக்க நாம் என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்க் கண் என்னும் பூட்டு

2006 ஏப்ரலில் சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகளில் விமானத் தாக்குதலும் எறிகணை வீச்சும் தொடங்கியபோது, மக்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்த பலர் 2007இல் கிளிவெட்டிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதே ஆண்டு சம்பூர்ப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டதால், சில மாதங்களுக்கென்று அமைத்த இடைத்தங்கல் முகாம் பல ஆண்டுகள் நீடித்தது. 2015இல் 818 ஏக்கர் காணியும், 2016இல் கடற்படை வசமிருந்த காணியும் விடுவிக்கப்பட்ட பின்னரே சம்பூர் மக்கள் தமது மண்ணில் மீண்டும் கால் வைத்தார்கள்.

அந்த முகாமில் கதவுக்குப் பூட்டு இல்லை. பல கொட்டில்களுக்குக் கதவே இல்லை. ஆனாலும் ஆச்சியின் பெட்டி தப்பியது. காரணம் சேலைத் துண்டு மட்டுமன்று. சுற்றியிருந்தவர்கள் அவருடைய ஊரவர்கள். எந்தக் குடம் எவருடையது, எந்தச் செம்பில் எந்தப் பெயர் வெட்டியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்நியர் ஒருவர் பெட்டியைத் தூக்கிச் சென்றால், "அது எங்கட ஆச்சியின்ர பெட்டியெல்லோ" என்று பத்துக் குரல்கள் எழும். ஊர்க் கண்களே அங்கே பூட்டாக இருந்தன.

முதியோர் இல்லத்தில் அந்தக் கண்கள் இல்லை. பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். பணியாளர்கள் மாறி மாறி வருகிறார்கள். படுக்கையிற் கிடப்பவருக்குத் தமது அலுமாரியைத் தாமே திறந்து பார்க்க முடியாது. குறைவாகக் காது கேட்பவருக்கும் மங்கலாகக் கண் தெரிபவருக்கும் தமது பொருள் கைமாறுவது தெரியாது. ஊர் செய்த காவலை அங்கே எழுத்துத்தான் செய்ய வேண்டும். எழுத்தில்லாத இடத்திற் பொருளுக்குச் சொந்தக்காரர் இல்லை.

இது இல்லங்களுக்கு மட்டும் உரிய விடயமும் அன்று. மகளின் வீட்டிலோ, மருமகனின் வீட்டிலோ, உறவினரின் பின்னறையிலோ ஒதுங்கி வாழும் இடம்பெயர்ந்த முதியவர்கள் எம்மிடையே ஏராளம். தமதல்லாத கூரையின் கீழ் வாழும் எவருக்கும் இது பொருந்தும்.

பொருள் போகும் வழிகள்

திருட்டு என்றதும் இரவில் மதிலேறிக் குதிக்கும் கள்வனையே நாம் நினைக்கிறோம். முதியவர்களின் பொருட்கள் பெரும்பாலும் அவ்வழியாற் போவதில்லை.

முதலாவது வழி, தவறுதலாகக் கலந்து போவது. எல்லோருடைய சாரமும் சேலையும் ஒன்றாகத் துவைத்து ஒரே கொடியிற் காயும்போது, ஒருவருடையது மற்றவரின் அலுமாரிக்குச் செல்கிறது. கட்டுப்பல் படுக்கை விரிப்போடு சுருட்டப்பட்டுத் துவைக்கப் போகிறது. மூக்குக் கண்ணாடி சாப்பாட்டுத் தட்டோடு போகிறது. இதில் எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கண்ணாடி இல்லாத முதியவர் அன்று முதல் பாதிக் குருடர். கட்டுப்பல் இல்லாதவர் அன்று முதல் கஞ்சி மட்டுமே குடிப்பவர்.

இரண்டாவது வழி, மறதி நோயுற்ற இன்னொரு முதியவர் எடுத்துச் செல்வது. அடுத்த கட்டிலைத் தமது கட்டில் என்றும், அடுத்தவரின் துவாயைத் தமது துவாய் என்றும் அவர் நம்புகிறார். இதைக் களவு என்று சொல்வது நியாயமாகாது.

மூன்றாவது வழி, உண்மையான களவு. பணியாளரோ, வந்து போகும் பார்வையாளரோ, இன்னொரு இல்லவாசியோ செய்வது. மோதிரம், காப்பு, கைச்செலவுப் பணம், கைத்தொலைபேசி போன்ற சிறியவையும் விலையுள்ளவையும் இவ்வழியாற் போகின்றன.

நான்காவது வழியைச் சொல்ல எமக்கே நாக் கூசுகிறது. சொந்த இரத்தமே எடுப்பது. "அம்மாவுக்கு இஞ்ச இது என்னத்துக்கு?" என்று தாலிக்கொடியைக் கழற்றிச் செல்லும் மகள், வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வாங்கிக்கொண்டு பாதிப் பணத்தை மட்டும் கொண்டுவந்து கொடுக்கும் பேரன், வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கும் மருமகன். இவர்கள் எவரும் தம்மைக் கள்வர் என்று நினைப்பதில்லை. எப்படியும் நமக்கு வரப்போவதுதானே என்று எண்ணுகிறார்கள். ஆனால் உரியவர் உயிரோடிருக்கும்போது, அவர் மனமறிந்து கொடுக்காததை எடுப்பதற்கு வேறு பெயர் இல்லை.

வழி எதுவானாலும், பொருள் போனவருக்கு நேர்வது ஒன்றுதான். காட்டை, களத்தை, மாட்டை, வீட்டை இழந்து, கடைசியாக ஒரு பெட்டிக்குள் அடங்கிய வாழ்வையும் அவர் இழக்கிறார். அதன் பின்னர் அவர் எதையும் கேட்பதை நிறுத்திவிடுகிறார். நாம் சந்தித்த பல முதியவர்களிடம் இந்த மௌனத்தைக் கண்டோம்.

களத்தில் அளப்பது போல

நெல்லை அளக்காமல் சாக்கிற் கட்டும் விவசாயி உண்டா? களத்திலேயே அளந்து, எத்தனை மூடை என்று கணக்குச் சொல்லி, அதன் பிறகே வண்டியில் ஏற்றுகிறோம். வழியில் ஒரு மூடை குறைந்தால் உடனே தெரியும். முதியவர் ஒருவர் இல்லத்தினுள் காலடி வைக்கும் நாளிலும் இதே முறைதான் வேண்டும்.

ஒரு அப்பியாசக் கொப்பி போதும். முதியவரை அருகில் இருத்தி, அவர் முன்னிலையிலேயே ஒவ்வொரு பொருளாக எடுத்து எழுத வேண்டும். "சேலை 6" என்று எழுதினாற் போதாது. "கத்தரிப்பூ நிறக் கைத்தறிச் சேலை 1, கரையில் சிறு கிழிசல்" என்று எழுத வேண்டும். நகையானால் எத்தனை, எவ்வகை, கல் வைத்ததா இல்லையா என்பதையும், முடிந்தால் நிறையையும் குறிக்க வேண்டும். நகைக்கும் ஆவணங்களுக்கும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது இன்று எவருக்கும் இலகுவானது.

எழுதி முடிந்ததும் முதியவர், கொண்டுவந்து சேர்த்தவர், இல்லத்தின் பொறுப்பாளர் ஆகிய மூவரும் கையொப்பமிட வேண்டும். பட்டியலின் ஒரு பிரதி முதியவரிடம், ஒன்று குடும்பத்தவரிடம், ஒன்று இல்லத்தில். இதிலே முதியவரின் பிரதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். "அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாதே" என்பார்கள். தெரியாவிட்டாலும் அது அவருடைய சொத்து. வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி அவர் கேட்டறிவார்.

பட்டியல் ஒரு நாளோடு முடிவதுமில்லை. தீபாவளிக்கோ நத்தாருக்கோ மகன் புதுச் சாரம் கொண்டுவந்தால் அதையும் சேர்க்க வேண்டும். பழைய சேலை கிழிந்து கழிக்கப்பட்டால் அதை வெட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குடும்பத்தவர் வரும் நாளில், பட்டியலைப் பார்த்துப் பொருட்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. இது சந்தேகம் அன்று, கணக்கு.

பட்டியல் பணியாளரையும் காக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இல்லங்களிற் பணிபுரியும் பெண் பிள்ளைகள் பலர் எம்மைப் போன்ற ஏழைக் குடும்பங்களிலிருந்தே வருகிறார்கள். ஒரு மோதிரம் காணாமற் போனால் முதற் சந்தேகம் அவர்கள் மீதே விழுகிறது. அந்த மோதிரம் இல்லத்துக்கு வரவேயில்லை என்பதைக் காட்ட அவர்களிடம் வேறென்ன இருக்கிறது?

மாட்டுக்குக் குறி, பொருளுக்குப் பெயர்

எமது பகுதியில் மாடு வளர்ப்போர் குறி சுடாமல் மாட்டைக் காட்டுக்கு விடுவதில்லை. எவருடைய பட்டி என்று குறி சொல்லும். முதியவரின் பொருளுக்கும் அப்படியொரு குறி வேண்டும்.

உடுப்புகளின் உட்கரையில் நூலால் பெயரின் முதலெழுத்தைத் தைக்கலாம், அல்லது அழியாத மையால் எழுதலாம். செம்பு, கோப்பை, தட்டில் பெயர் வெட்டுவது எம்மவரின் பழைய வழக்கமேயாகும். ஊன்றுகோலில் கத்தியால் ஓரடையாளம் இடலாம். மூக்குக் கண்ணாடிக் கூட்டிலும், காது கேட்கும் கருவியின் பெட்டியிலும் பெயர் ஒட்டலாம். கட்டுப்பல்லைச் செய்யும்போதே பெயரைப் பதிக்குமாறு பல் வைத்தியரிடம் கேட்கலாம். ஒரே அறையிற் பத்துப் பேரின் கட்டுப்பற்கள் பத்துக் கிண்ணங்களில் இருக்கும் இடத்தில் இதன் அருமை தெரியும்.

பூட்டும் சாவியும்

ஒவ்வொருவருக்கும் பூட்டக்கூடிய ஒரு லாச்சியாவது வேண்டும். தச்சரிடம் கொடுத்தால் பலகையில் ஒரு சிறு பெட்டி செய்து, கட்டிலின் காலோடு ஆணியடித்து, ஆமைப் பூட்டுப் போட்டுத் தருவார். அது பெருஞ் செலவு அன்று.

சாவி யாரிடம் இருப்பது? முதியவரிடம். கழுத்தில் ஒரு நூலில், அல்லது இடுப்பு முடிச்சில். அவர் தொலைத்துவிடுவார் என்பதற்காக இரண்டாவது சாவி ஒன்று பொறுப்பாளரிடம் உறையில் ஒட்டப்பட்டு, உறையின் மேல் பெயரும் திகதியும் எழுதப்பட்டிருக்கட்டும். அதைத் திறக்க நேர்ந்தால் எப்போது, எதற்காக, எவர் முன்னிலையில் என்பதை எழுத வேண்டும்.

பாதுகாப்பு என்ற பெயரில் முதியவர்களின் பொருட்களை எல்லாம் வாங்கி அலுவலக அலுமாரியில் வைத்துப் பூட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் அவ்வாறு செய்கிறார்கள். ஆனால் பெட்டியைப் பறித்துவிட்டுப் பெட்டியைக் காத்தோம் என்று சொல்லலாமா? பெறுமதியான நகையையும் பெருந்தொகைப் பணத்தையும் வங்கியில் வைப்பது சரி. அதையும் அவர் கேட்டு அவர் சம்மதத்தோடு செய்ய வேண்டும். புகைப்படம், செபமாலை, சாமிப்படம், கைச்செலவுக் காசு ஆகியவை அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

காகிதங்கள்

இடம்பெயர்ந்தவர்களுக்கு நகையைவிடக் காகிதம் பெரிது என்பதை நாம் பட்டறிந்தவர்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் அதன் பின் வந்த இடப்பெயர்வும் எத்தனையோ குடும்பங்களின் உறுதிகளைக் கொண்டுபோயின. எனவே சில விடயங்களை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

உறுதி தொலைந்தாற் காணி தொலைந்ததாகாது. நொத்தாரிசு ஒருவர் உறுதி எழுதும்போது அதன் ஒரு பிரதி அவரிடம் இருக்கும். இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். ஆகவே உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி பெற விண்ணப்பிக்கலாம். இந்த மூன்றையும் இன்றே ஒரு தாளில் எழுதி, உறுதி இருக்கும் இடத்திலல்லாமல் வேறோரிடத்தில் வையுங்கள். ஆச்சியின் உறுதிக்கும் இவ்வழியிலேயே பிரதி கிடைத்தது. அவரது மூத்த மகளின் பழைய கொப்பி ஒன்றில் அந்த இலக்கம் இருந்தது அவர் செய்த புண்ணியம்.

குடியேற்றக் காணிகளுக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமே ஆதாரம். 'பேமிற்' என்று நாம் சொல்வது இதையே. இதன் விபரம் பிரதேச செயலகத்தின் பதிவேட்டில் இருக்கும். பத்திரம் தொலைந்தால் அங்கே முறையிட வேண்டும். பின்னுரித்தாளராக எவரை நியமித்திருக்கிறார் என்பதை முதியவர் தெளிவாக இருக்கும்போதே பார்த்துச் சரிசெய்வதும் அவசியம்.

அடையாள அட்டை தொலைந்தால் பொலிசில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியுடன் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வங்கிப் புத்தகமோ அட்டையோ தொலைந்தால் அன்றே வங்கிக்கு அறிவிக்க வேண்டும். நகை அடகில் இருந்தால் அடகுச் சீட்டும் நகைதான். அதையும் பட்டியலிற் சேர்த்து, மீட்க வேண்டிய திகதியை எழுதி வைக்க வேண்டும்.

எல்லா ஆவணங்களையும் நிழற்பிரதி எடுத்து ஒரு தொகுதியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பங்குத் தந்தையிடமோ, கோவில் தருமகர்த்தாவிடமோ, கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளரிடமோ கொடுக்கலாம். மூலப்பத்திரங்களை எவரிடம் கொடுத்தாலும் பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

கைநாட்டு

பூட்டை உடைக்காமலே வீட்டைக் கொண்டுபோவது கைநாட்டு.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதோ கொடுப்பதோ நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கைநாட்டு வாங்கியதனாற் காணி கைமாறிவிடாது. அனுமதிப்பத்திரக் காணியை அரச அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றிக் கைமாற்றவும் இயலாது. ஆனாலும் வெற்றுத் தாளிற் பெருவிரல் வைப்பது ஆபத்து. அதன் மேல் பின்னர் எதையும் எழுதலாம், அதைக் காட்டி ஏழை மக்களை மிரட்டலாம்.

முதியவர் எதிலும் கையொப்பமிடுமுன், அவருக்கு விளங்கும் தமிழில் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். அதனால் நன்மை பெறாத ஒருவர் கூட இருக்க வேண்டும். அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுப்பவர், எந்த வேலைக்காகக் கொடுக்கிறார் என்பதைக் குறித்தே கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நன்கொடையாக எழுதுவோர் தமது சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதுவது எம்முன்னோர் காட்டிய புத்தி. எழுதி வாங்கிய பிள்ளை கொடிய நன்றியீனம் காட்டினால், அந்த நன்கொடையை நீதிமன்றத்தின் மூலம் ரத்துச் செய்வதற்கென 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆனால் வழக்குக்குப் போகும் வயதா அது? எழுதுமுன் யோசிப்பதே மேல்.

காணாமற் போனால்

முதலில், கோபப்படாமற் தேட வேண்டும். ஓர் இல்லத்தில் அம்மா ஒருவர் தமது மோதிரத்தைப் பணிப்பெண் எடுத்துவிட்டாள் என்று அழுதார். அந்தப் பிள்ளையும் அழுதது. மாலையில் மோதிரம் அவருடைய முந்தானை முடிச்சிலேயே இருந்தது. மறதி நோயுள்ளவர்கள் பொருளைத் தாமே ஒளித்துவிட்டு, களவு போனது என்று நம்புவது அந்நோயின் பொதுவான அறிகுறிகளில் ஒன்று.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. "அவவுக்கு அறளை பெயர்ந்துபோச்சு, எப்பவும் இப்பிடித்தான் சொல்லுவா" என்று உண்மையான முறைப்பாட்டையும் தட்டிக் கழிப்பது இலகு. திருட நினைப்பவர் தேடிப் போவதும் எவரும் நம்பாத முதியவரைத்தான். ஆகவே சொல்பவர் யாராயினும், அவர் நிலை எதுவாயினும், முறைப்பாடு எழுதப்பட வேண்டும். என்ன பொருள், கடைசியாகக் கண்டது எப்போது, தேடியது யார், முடிவு என்ன? இந்த நான்கும் ஒரு கொப்பியில் இருக்கட்டும். ஆறு மாதக் கொப்பியைப் புரட்டினால், ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே வகைப் பொருள் போவது தானாகத் தெரியும்.

பெறுமதியான பொருளானால் பொலிசில் முறைப்பாடு செய்யத் தயங்கக் கூடாது. இல்லத்தின் நற்பெயர் கெடும் என்று மறைப்பவர்கள் கள்வனுக்கே காவல் நிற்கிறார்கள். திருச்சபை நடத்தும் இல்லமானாலும் இது பொருந்தும். எமது வீட்டிலும் குப்பை உண்டு என்று ஒப்புக்கொண்டாற்றான் விளக்குமாற்றைத் தேடுவோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1980களின் பிற்பகுதியில் இதற்கென்றே சட்டம் இயற்றியது. அங்கே பராமரிப்பு இல்லங்கள் முதியவர் வந்த நாளிலேயே பொருட் பட்டியல் எழுத வேண்டும். கட்டுப்பல் உட்படப் பொருட்களுக்கு அடையாளமிட வேண்டும். 25 டொலரும் அதற்கு மேலும் பெறுமதியான பொருள் போனால் பதிவேட்டில் எழுத வேண்டும். 100 டொலரும் அதற்கு மேலும் பெறுமதியான பொருள் திருடப்பட்டதாக நம்பக் காரணமிருந்தால் 36 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அவரது பொருட்களைப் பட்டியலின்படி ஒப்படைக்க வேண்டும். செல்வம் மிகுந்த நாட்டிலும் இந்தக் குறை இருந்திருக்கிறது, அதற்குக் கண்ட மருந்தும் ஒரு கொப்பியும் பேனாவுமே என்பதைக் கவனியுங்கள். வெளிநாடுகளில் முதியோர் இல்லங்களில் வாழும் எமது உறவினர்களும் அந்தந்த நாட்டில் இத்தகைய பட்டியலைக் கேட்டுப் பெறலாம்.

எமது நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 60 வயதைக் கடந்தவர்களை அது முதியோர் என்கிறது. ஐவருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே ஒருவரைச் சேர்க்குமுன் அந்த இல்லம் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புக் கோருவதற்கான சபையும் இச்சட்டத்தின் கீழ் உண்டு. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் முறையிடலாம். குடும்பத்துக்குள் எழும் சிறு பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபையும், வழக்குக்கு வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கின்றன.

இறுதிக் கணக்கு

முதியவர் ஒருவர் இறந்ததும் கட்டில் அடுத்தவருக்கு வேண்டும். அவசரத்தில் அவரது பொருட்கள் ஒரு சாக்கில் கட்டப்பட்டு மூலைக்குப் போகின்றன. சில சமயம் பங்கிடப்பட்டும் விடுகின்றன. இதைச் செய்யாதிருப்போம். அன்றே இருவர் முன்னிலையில் பட்டியலை எடுத்து எண்ணி, பூட்டி வைத்து, உரியவர் வந்ததும் கையொப்பம் வாங்கி ஒப்படைப்போம். எதை எவருக்குக் கொடுக்க விரும்புகிறார் என்று அவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதியிருந்தால் இன்னும் நல்லது. மரண சாசனம் எழுத விரும்பினால் நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளும் வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்வோம்.

பத்து வெள்ளிக் காசுகளில் ஒன்றைத் தொலைத்த பெண்ணின் உவமையை நாம் ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கிறோம். அவள் விளக்கேற்றினாள், வீட்டைக் கூட்டினாள், கிடைக்கும்வரை தேடினாள். கிடைத்ததும் அயலவரை அழைத்து மகிழ்ந்தாள். ஒன்றுதானே போனது, மீதி ஒன்பது இருக்கிறதே என்று எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். தன்னிடம் இருந்தது பத்து என்று அவள் எண்ணி வைத்திருந்தாள். எண்ணாதவளுக்குத் தொலைந்ததும் தெரிந்திராது.

ஆச்சிக்கு உறுதியின் பிரதி கிடைத்தது, வங்கிப் புத்தகமும் புதிதாகக் கிடைத்தது. கலியாணப் படம் மட்டும் கிடைக்கவில்லை. காணிப் பதிவகத்தில் அதற்குப் பிரதி இல்லை. நாம் போகும்போதெல்லாம் அவர் அதைப் பற்றியே கேட்டார். அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு முறை எடுத்து வைத்திருந்தால், அவருக்குக் கொடுக்க எம்மிடம் ஏதாவது இருந்திருக்கும். அதைச் செய்யாத குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

ஆகவே வாசகர்களே, இந்த இதழை மடித்து வைக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ, அயலிலோ, இல்லத்திலோ இருக்கும் ஒரு முதியவரிடம் போய் இருங்கள். ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள். "பெட்டியைத் திறவுங்கோ ஆச்சி, என்னென்ன இருக்கெண்டு எழுதுவம்" என்று கேளுங்கள். எழுதி முடிந்ததும் பெட்டியைப் பூட்டி, சாவியை அவர் கையிலேயே கொடுங்கள்.